மஞ்சள் தடவிய புகார்க் கடிதம்

மின்தூக்கி முடங்கிய நாள்களிலும் நாலு மாடி ஏறி இறங்கி, இந்தக் குடியிருப்போர் சங்கத்தைத் தூக்கி நிறுத்திய தலைவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கமலநாதன் ஐயா அவர்களே! முன்வரிசையில் முகம் மலர அமர்ந்திருக்கும் மூத்தோர்களே! பாயாசக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என் பேச்சுக்குச் செவி கொடுக்க வந்திருக்கும் தாய்மார்களே! சிங்கப்பூரில் வேலை முடித்து, எல்லைப் பாலத்து நெரிசலில் கால் கடுக்க நின்று, சீருடையும் கழற்றாமல் நேரே இங்கே வந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே! உங்கள் அனைவருக்கும் மூன்றாம் மாடிவாசி, பேருந்து ஓட்டுநர் குணாளனின் குன்றாத அன்பு வணக்கம்!

என்ன அண்ணே? சுருக்கமாப் பேசணுமா? ஒன்றரை வருஷம் ஒழுகுன குழாயைப் பொறுத்துக்கிட்டீங்க, என்னைக் கால் மணி நேரம் பொறுத்துக்க மாட்டீங்களா லா?

அன்பர்களே! வென்றோம்! கூச்சலிட்டு வெல்லவில்லை, கல்லெறிந்து வெல்லவில்லை. ஜொகூர் பாரு நீதிமன்றத்தில், நிமிர்ந்து நின்று, நியாயம் கேட்டு வென்றோம்! அந்த வெற்றிக்கு உரியவர் இதோ, இரண்டாம் மாடி அங்கம்மா அக்காள். அக்கா, தலையைக் குனியாதீங்க. இன்னைக்கு நீங்க குனியவே கூடாது.

யார் இந்த அங்கம்மா? பெக்கோக் தோட்டத்தில் பிறந்தவர். தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலையில் நூறு பேருக்குச் சமைப்பவர். ஒற்றை மகள் லோஷினியை ஒற்றை ஆளாக வளர்ப்பவர். வாடகையில் ஒரு நாள் தவறாதவர். அவர் கேட்டது என்ன? மாளிகையா? மாடத்தில் மயிலா? கூரைக்குள் ஓடும் கழிவுநீர்க் குழாய் தன் சமையலறையில் சொட்டக் கூடாது என்று கேட்டார்! சுவரெல்லாம் கரும்பூசணம். பிள்ளைக்கு விடாத இருமல். சோறு வடிக்கும் அடுப்புக்கு மேலே குடை விரித்துக் கட்டி வைத்துச் சமைத்தவர் இந்த அம்மா. அதை நான் கண்ணால் பார்த்தேன்.

வீட்டு முதலாளியிடம் மூன்று முறை தொலைபேசியில் சொன்னார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று பதில் வந்ததே தவிர, பார்க்க ஒருவரும் வரவில்லை. பிறகு மகள் எழுதிக் கொடுக்க, ஒரு கடிதத்தை முதலாளியின் அலுவலகத்தில் தன் கையாலேயே கொடுத்துவிட்டு வந்தார். அதற்கும் மூச்சுப் பேச்சில்லை. வேறு வழியில்லாமல் மாநகர் மன்றத்துக்குப் போனார். அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், படம் பிடித்தார்கள், முதலாளியைக் கூப்பிட்டுக் கேட்டார்கள்.

மறுநாளே வந்தது ஓலை! குழாயைச் சரிசெய்வதாகவா? இல்லை, வீட்டைக் காலி செய் என்று! பழுது ஏதும் இருந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டுமாம். ஒப்பந்தத்தில் அப்படி இருக்கிறதாம். அங்கம்மா எழுத்தில் தெரிவிக்கவே இல்லையாம். அதனால் ஒப்பந்தத்தை மீறிவிட்டாராம். ஒழுகும் வீட்டில் இருந்தவர் குற்றவாளி, ஒழுகவிட்டவர் உத்தமர்! இது எந்த ஊர் நியாயம்?

பதினான்காம் நாள் காலை, இரண்டு ஆட்கள் பூட்டோடு வந்தார்கள். லோஷினி பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். வெளியே தள்ளினால் எங்கே போவாள்? எந்த மேசையில் படிப்பாள்? வாசலில் நின்றார் அங்கம்மா. நம் வழக்கறிஞர் சாருமதி அம்மையார் சொல்லிக் கொடுத்த ஒரே கேள்வியைக் கேட்டார்.

"கோர்ட்டு ஆர்டர் இருக்கா?"

"வீடு மொதலாளியோடதும்மா."

"வீடு அவரோடதுதான். ஆர்டர் இருக்கா?"

கதவுகள் திறந்தன. பக்கத்து வீட்டார் வந்தார்கள், எதிர்வீட்டு மலாய்க்கார அக்காள் வந்தார், மேல்மாடிச் சீனத் தாத்தா வந்தார். நீதிமன்ற ஆணை இல்லாமல் குடியிருப்பவரை வெளியே தள்ளிப் பூட்ட முடியாது என்று நம் நாட்டுச் சட்டம் சொல்கிறது. பூட்டோடு வந்தவர்கள் பூட்டோடு திரும்பினார்கள்! கைதட்டுங்கள், தட்டலாம்!

முதலாளி நீதிமன்றம் போனார். அங்கேதான் நாம் மாட்டிக்கொண்டோம். கடிதம் கொடுத்தோம் என்கிறோம், அத்தாட்சி எங்கே? "போட்டோ புடிச்சியாக்கா?" என்று கேட்டேன். இல்லை என்றார். "நகல்?" இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாத்தையும் நீயே கெடுத்துட்டியே!" என்று மகள் எதிரிலேயே கத்திவிட்டேன். அக்கா, அன்றைக்கு நான் பேசியது தப்பு. நாலு பேருக்கு முன்னால் கத்தினேன், நானூறு பேருக்கு முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

விசாரணை நாள் வந்தது. முதலாளி தரப்புச் சாட்சியாக அவர் அலுவலகக் குமாஸ்தா சின்னத்தம்பி கூண்டில் ஏறினார். புகார்க் கடிதம் எதுவும் வரவில்லை என்றார். சாருமதி அம்மையார் நிதானமாக எழுந்தார்.

"அங்கம்மாகிட்ட இருந்து எதுவுமே வரலியா?"

"புகாரு ஒன்னும் வரலீங்க. கல்யாணப் பத்திரிகை ஒன்னுதான் வந்துச்சு."

அங்கம்மா துள்ளி எழுந்துவிட்டார். "அலமாக்! எங்க வீட்டுல யாருக்குங்க கல்யாணம்? மவ இன்னும் பரீட்சையே எழுதல!"

அன்பர்களே, நடந்தது என்ன? தங்கை மகள் திருமணத்தில் மிஞ்சிய பிள்ளையார் படம் போட்ட உறையில் கடிதத்தைப் போட்டிருக்கிறார். நல்லது கேட்டுப் போகிற காகிதம் வெறுமனே போகலாமா என்று நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கிறார்! மஞ்சளைப் பார்த்த சின்னத்தம்பி, கல்யாணப் பத்திரிகை என்று எண்ணி, முதலாளி வந்ததும் கொடுக்கலாம் என்று பிரிக்காமல் அலுவலகச் சாமி படத்தருகே பயபக்தியோடு வைத்திருக்கிறார். அப்படியே மறந்தும் விட்டார்! சிரியுங்கள், நானும் சிரித்தேன். உலகத்தில் வேறு எந்த இனம் புகாருக்கு மஞ்சள் தடவும்? வேறு எந்த இனம் புகாருக்குச் சூடம் காட்டும்?

"இப்ப அது எங்க இருக்கு?" என்று கேட்டார் வழக்கறிஞர்.

இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்துங்கள். முதலாளி முறைத்துக்கொண்டிருக்கிறார். தூக்கிப் போட்டுவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், வழக்கு முடிந்தது, வேலை பிழைத்தது. சின்னத்தம்பிக்கும் வீட்டில் இரண்டு பிள்ளைகள். அந்த மனிதர் நீதிபதியின் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"சாமி படத்துக்குப் பக்கத்துலயே இருக்குங்க. இன்னும் பிரிக்கல."

நீதிமன்றம் ஆள் அனுப்ப, உறை வந்தது. நீதிபதியின் முன்னிலையில் பிரிக்கப்பட்டது. உள்ளே லோஷினியின் கையெழுத்தில் குழாயும் பூசணமும் இருமலும் வரிவரியாய் இருந்தன! உறையின் பின்னால் என்ன இருந்தது தெரியுமா? வருகிற காகிதத்துக்கெல்லாம் சாப், அதாவது அலுவலக முத்திரை, குத்துவது சின்னத்தம்பி பழக்கம். பிள்ளையாருக்குப் பின்னாலேயே குத்தியிருக்கிறார், பெற்றுக்கொண்ட தேதியோடு! காலி செய்யச் சொன்ன ஓலைக்கு மூன்று வாரம் முந்திய தேதி!

வெளியேற்றும் மனு தள்ளுபடி! குழாயைச் சீராக்க உத்தரவு! தீர்ப்பைக் கேட்டு அங்கம்மா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

சின்னத்தம்பி அவர்களே, கடைசி வரிசையில் ஒளிந்து உட்கார்ந்திருப்பது தெரிகிறது. எழுந்திருங்கள். உண்மை சொன்னதற்கு அங்கே வேலை போனது. நம் தலைவர் ஐயா சொல்லி, திங்கட்கிழமை முதல் எங்கள் பேருந்து நிறுவன அலுவலகத்தில் வேலை. அங்கேயும் எல்லாவற்றுக்கும் சாப் குத்துங்கள்!

உறவுகளே! வாடகைக்கு இருப்பவர் வாய் மூடி இருக்க வேண்டியவரா? குறை சொன்னால் குடியிழக்க வேண்டியவரா? இல்லை! எழுதுங்கள், நகல் எடுங்கள், தேதி வாங்குங்கள். பூட்டு வந்தால் ஆணை எங்கே என்று கேளுங்கள். ஒரு வீட்டுக் கதவை ஒருவர் தட்டினால் ஒன்பது கதவுகள் திறக்கட்டும்! மஞ்சளும் தடவுங்கள், நான் தடுக்க மாட்டேன்.

முடிக்கிறேன் அண்ணே, முடிக்கிறேன். நான் மேடை ஏறுமுன் அங்கம்மா அக்காள் என் கையில் ஓர் உறையைத் திணித்தார். நாலு மூலையிலும் மஞ்சள். இந்த முறை நான் பிரித்துப் பார்த்தேன். ஒழுகல் நின்ற சமையலறையில் வெள்ளிக்கிழமை காலை பால் காய்ச்சுகிறாராம். ஆறு வருஷமாகக் குடியிருக்கும் அதே வீட்டில், இன்றைக்குத்தான் குடி வந்ததுபோல் பால் காய்ச்சுகிறார்! நம் எல்லோரையும் அழைத்திருக்கிறார். போவோம். அந்த அடுப்புக்கு மேலே குடை இல்லாததைக் கண்ணாரப் பார்ப்போம்.

பொறுத்துக் கேட்ட உங்களுக்கும், மேடை தந்த தலைவருக்கும், துணை நின்ற சாருமதி அம்மையாருக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. வெள்ளிக்கிழமை அங்கம்மா வீட்டில் சந்திப்போம். வணக்கம்!