டமராக் தெருவில் விட்டுப்போன பதினோரு அடி

அவைக்குத் தலைமை தாங்கி அழகுற அமர்ந்திருக்கும் ஹெம்லாக் பே மாநகர மேயர் வெல்ச் அவர்களே! அவருக்கு வலப்புறம் விறைப்பாக வீற்றிருக்கும் தெருத்துறை மேலாளர் ராண்டல் டஃபி அவர்களே! எழுபது பனிக்காலம் கண்டும் இடுப்பு ஒடியாத பெரியோர்களே! ஒரு கையில் பனி அள்ளும் ஷவலும் மறு கையில் பிள்ளையின் ஒற்றைக் கையுறையுமாக வாசலில் நின்று எங்கள் துறையை வாயார வாழ்த்திய தாய்மார்களே! பின்வரிசையில் மீன் வறுவலுக்கு முந்திக்கொண்ட லாரி ஓட்டுநர்களே! பத்தொன்பது ஆண்டுகளாகத் தெருத்துறை அலுவலகத்தில் உட்கார்ந்து, எந்த லாரி எந்தத் தெருவுக்கு என்று ரேடியோவில் கத்திக் கத்தியே தொண்டை கட்டிப்போன பெர்னடின் ராஸ்முசனின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியதாகுக!

இதோ மேயர் முன்னால் மின்னுகிறதே வெள்ளிக் கோப்பை, இது மாநிலத்திலேயே மிக மாண்போடு பனி வழித்த மாநகரம் என்று நமக்குக் கிடைத்தது. நன்றியுரை சொல்ல என்னை அழைத்தார்கள். ஐந்தே நிமிடம் என்றார்கள். என் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டு ஐந்து நிமிடம் என்பது யார் தவறு? என் தவறா?

இன்று மாலை கோப்பை. நாளைக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. அதோ, கடைசி மேசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருக்கிறாரே டேல் விட்கோவ்ஸ்கி, அவருக்கு வேலை உண்டா இல்லையா என்பது நாளை முடிவாகும். கொலை செய்தாரா? கொள்ளையடித்தாரா? இல்லை ஐயா, பதினோரு அடி நீளத்துக்குத் தம் லாரியின் முன்னால் பனி வழிக்கும் பிளேடைத் தூக்கினார். பாதகத்தைப் பாருங்கள்!

இந்தப் பாதகம் விளங்க வேண்டுமானால் நம் நகரத்தின் நீதி நூல் தெரிய வேண்டும். பனி வானத்தில் இருக்கும்வரை ஆண்டவனுடையது. தெருவில் விழுந்தால் மாநகரத்துடையது. மாநகரத்து லாரி அதை வழித்து உங்கள் வாசலை மறித்து இடுப்புயர வரப்புப் போட்டுவிட்டால், அந்தக் கணமே அது உங்களுடையது! பத்திரம் இல்லை, பதிவு இல்லை, அன்பளிப்பு! சரி, வேண்டாம் என்று நீங்கள் அதை அள்ளித் தெருவிலேயே திரும்பப் போட்டால்? குற்றம்! அபராதம்! எந்த ஊரில் உண்டு இந்த ஈகை? கொடுத்ததைத் திரும்ப வாங்கமாட்டோம் என்று சட்டமே போட்டு வைத்திருக்கும் மாநகரத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

யாரம்மா அது, "என் வீட்டுக்கு நாலு தடவ குடுத்தாங்க"னு சொல்றது? உங்களுக்குப் பாக்கியம் அதிகம், உட்காருங்கள்.

அடுத்து, நம் வரைபடம். பச்சை! எங்கும் பச்சை, எதிலும் பச்சை! லாரியின் பிளேடு தரையில் தேய்ந்தபடி போனால் வரைபடத்தில் அந்தத் தெரு பச்சையாகும். தூக்கினால் சிவப்பாகவே நிற்கும். உங்கள் போனிலும் பார்க்கலாம், மேயரின் படுக்கையறையிலும் பார்க்கலாம். பார்த்துவிட்டுத்தான் அவர் பல் துலக்குகிறார். ஊர் முழுக்கப் பச்சையானால் புயலை வென்றோம் என்று அறிக்கை வரும். அறிக்கையை வாசிக்க உங்களுக்கு நேரம் உண்டு, ஏனென்றால் வாசலில் வரப்பு இருக்கிறது, நீங்கள் எங்கேயும் போக முடியாது.

பிப்ரவரி மாதம், ஞாயிறும் திங்களும் அடித்த புயலை நினைத்துப் பாருங்கள். டமராக் தெரு முட்டுச் சந்து. அங்கே எல்வின் கொர்ஹோனன் இருக்கிறார். எல்வின், எழுந்து நிற்க வேண்டாம், கையை ஆட்டினால் போதும். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாய், வியாழன், சனி, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். காலை எட்டு மணிக்கு மருத்துவமனை வண்டி வாசலுக்கு வரும். புயலுக்கு முந்தின சனிக்கிழமையே உடம்பு முடியாமல் பாதியில் திரும்பியவர். செவ்வாயும் போகாவிட்டால் ஆள் தாங்கமாட்டார்.

அவர் மனைவி மார்லிஸ் திங்கட்கிழமை பகல் முழுக்க அள்ளினார். லாரி வந்தது, வரப்புப் போட்டது. மாலையில் அள்ளினார். லாரி வந்தது, வரப்புப் போட்டது. செவ்வாய் விடிந்ததும் மூன்றாம் முறை அள்ளி முடித்து நிமிர்ந்தால், தெருமுனையில் மறுபடியும் மஞ்சள் விளக்கு! ஓட்டி வந்தவர் டேல். மார்லிஸ் ஷவலோடு நடுத்தெருவில் போய் நின்றுகொண்டார்.

"நகர மாட்டேன். ஏத்திட்டுப் போறதா இருந்தா ஏத்திட்டுப் போ!"

"யம்மா, என்னம்மா இது? தள்ளுங்கம்மா. பிளேடு கீழ இருந்தாத்தான் மேப்புல பச்சை விழும். இல்லன்னா என் சீட்டைக் கிழிச்சிருவாங்க."

"எம் புருஷன் உள்ள கிடக்கான். எட்டு மணிக்கு வண்டி வருது. அவன் ரத்தத்தச் சுத்தம் பண்ணணுமா, உன் மேப்பச் சுத்தம் பண்ணணுமா? நீயே சொல்லு!"

டேல் பிளேடைத் தூக்கினார். கொர்ஹோனன் வாசலைத் தாண்டும்வரை தூக்கியே பிடித்து, தாண்டியதும் இறக்கினார். பதினோரு அடி!

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே! பச்சைப் பசேலென்ற நம் வரைபடத்தில் டமராக் தெருவில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி. விடுமா அலுவலகம்? அடுத்த லாரியைப் போனில் கூப்பிட்டது. அந்த லாரியில் இருந்தவர் கோரி, சேர்ந்து இரண்டு மாதம் ஆனவர். "கோரி, டமராக்ல ஒரு புள்ளி விட்டுப்போச்சு, வழிச்சிட்டு வந்துரு." "சரிங்கக்கா, இதோ." போனார், வழித்தார், முந்தின நாள் கெட்டிப்பட்டுக் கிடந்த பனியையும் சேர்த்துத் திரட்டி நெஞ்சுயரத்துக்கு வாசலை அடைத்தார். புள்ளி பச்சையானது. மேயர் பல் துலக்கப் போனார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். "எந்த மடச்சாம்பிராணி அவனை அனுப்பினது?" என்று அங்கே ஒருவர் கேட்கிறார். சொல்கிறேன் ஐயா.

எட்டு மணிக்கு மருத்துவமனை வண்டி வந்தது, சுவரைப் பார்த்தது, இன்னும் நான்கு நோயாளிகளை ஏற்ற வேண்டும் என்று போய்விட்டது. பக்கத்துத் தெருவில் இருந்த டேல், கோரியின் லாரி டமராக்கிலிருந்து வெளியே வருவதைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பினார். வாசலில் மார்லிஸ் வெறுங்கையால் பனியைப் பறித்துக்கொண்டிருந்தார். ஷவல் முறிந்து கிடந்தது. தெருக்காரர்கள் நாலு பேர் ஓடிவந்தார்கள். ஏரியில் மீன்பிடிக்கச் சாமான் இழுத்துப்போகும் சறுக்குப் பெட்டியில் எல்வினைப் படுக்கவைத்து, வரப்பின் மேலேற்றி இறக்கி, டேலின் லாரியில் உட்காரவைத்தார்கள்.

"எல்வின் அண்ணே, கெட்டியாப் புடிச்சுக்கங்க."

"புடிக்கிறேன்ப்பா. இவ்ளோ உசரத்துல நான் போனதே இல்ல. மேயரு பார்த்தா அவருக்கும் ஒரு டிக்கெட் கேப்பாரு."

ஆள் பிழைத்தார். மத்தியானம் வந்திருந்தால் கைவிரித்திருப்போம் என்றார் மருத்துவர். டேல் மேல் குற்றப்பத்திரிகை வந்தது.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில். அன்று காலை அலுவலகத்தில் இருந்தது யார்? சிவப்பைக் கண்டு சினந்தது யார்? கோரியை ஏவியது யார்? இந்த விரல்! இதோ, மைக்கைப் பிடித்திருக்கும் இதே விரல்! அந்த மடச்சாம்பிராணி நான்தான்.

இன்னும் இருக்கிறது, கேளுங்கள்.

மறுநாளே நான் ஒரு பட்டியல் எழுதினேன். டயாலிசிஸ் வீடு, ஆக்சிஜன் வீடு, நிறைமாதக்காரி இருக்கும் வீடு, முப்பத்தெட்டு வாசல். அதற்குப் பிறகு வந்த ஆறு புயலிலும் பதினான்கு ஓட்டுநர்களும் அந்த வாசல்களில் பிளேடைத் தூக்கினார்கள். நான் சொன்னேன், தூக்கினார்கள். வரைபடத்தில் முப்பத்தெட்டு சிவப்பு விழுமே? கருவி கெட்டுப்போனால் கையால் நிறம் மாற்ற ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினேன். புயலுக்கு முப்பத்தெட்டு முறை அமுக்கினேன். மார்ச் மாதம் மாநிலத்திலிருந்து பரிசுக்குத் தேர்வு செய்ய வந்தவர்கள் வியந்து வியந்து பார்த்தார்களே, அந்தப் பளபளக்கும் பச்சை, என் கைப்பச்சை! வாசலை அடைத்துவிட்டார்கள் என்று அந்த வீடுகளிலிருந்து ஒரு புகாரும் இல்லையே என்று புகழ்ந்தார்களே, அதற்கும் இதுதான் காரணம்.

ஆகவே மேயர் அவர்களே! டேல் குற்றவாளி என்றால் பதினான்கு பேரும் குற்றவாளிகள். அவர்கள் குற்றவாளிகள் என்றால் ஏவிய நான் பெருங்குற்றவாளி. நான் குற்றவாளி என்றால் அந்தப் பச்சை பொய்ப் பச்சை. பச்சை பொய் என்றால் இந்தக் கோப்பை நாளைக்கே பெட்டி கட்டித் திரும்பிப் போக வேண்டும். கோப்பையா, விசாரணையா? கூறுங்கள்! கூடியிருப்போர் கேட்கிறோம்!

ஐயோ, கோப்பையை ஏன் மடியில் இழுத்து வைத்துக்கொள்கிறீர்கள்? யாரும் பிடுங்கமாட்டோம். "ராண்டல்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்" என்கிறீர்களா? ராண்டல் உங்கள் பக்கத்து நாற்காலியில்தான் இருக்கிறார். பேசுங்கள். நாங்கள் இருக்கிறோம்.

என்ன ராண்டல்? சத்தமாக. "விசாரணை ரத்து, போதுமா?" என்கிறார். போதாது. முப்பத்தெட்டு வாசலும் சட்டத்தில் ஏற வேண்டும். "சரிம்மா, சரி, மொதல்ல மைக்கைக் கீழ வை" என்கிறார். எழுதிக்கொள்ளுங்கள் பெரியோர்களே, "சரி" என்று இருமுறை சொன்னார்!

வேண்டாம், எனக்குக் கைதட்டாதீர்கள். உட்காருங்கள். எல்வினைக் கொண்டுபோன அன்று மாலை டேல் என் மேசைக்கு வந்தார். "அக்கா, அந்தப் பயல யாரு அனுப்பினது?" என்று கேட்டார். "தெரியலப்பா, அவனே போயிருப்பான்" என்றேன். என் வேலைக்குப் பயந்து சொன்னேன். அந்த ஒரு பொய்யால் ஒன்பது வாரமாக டேல் கோரியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோரி என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. நான் இருவரையும் பார்த்துக்கொண்டே காபி குடித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது.

மார்லிஸ், எல்வின், உங்கள் வாசலை அடைத்தவள் நான், மன்னியுங்கள். என்னை விசாரிக்க வேண்டுமானால் நாளை ஒன்பது மணிக்கு வருகிறேன். பொறுமையோடு கேட்ட பேரவைக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி, வணக்கம்.

டேல், கோரி மேல் தப்பில்லப்பா. அவன் அங்க தனியா உக்காந்து சாப்பிடுறான். போய்க் கூட்டிட்டு வா.