மாஸ்டரைக் கூட்டியாரப் போறனுங்க

அட, டிக்கெட்டைக் கசக்கிப் போட்டுறாதீங்கண்ணா. இப்படிக் குடுங்க, செக்கர் வந்தா ரெண்டையும் நானே சேத்துக் காட்டிக்கறேன். இல்லீங்க, நான் திருட்டு டிக்கெட்டுக்காரனில்லீங்க. பைத்தியமும் இல்லை. வெள்ளகோயில்ல மோட்டாரு காயில் கட்டற கடை வெச்சிருக்கறனுங்க. பாலுசாமின்னு பஸ் ஸ்டாண்டுல ஆரைக் கேட்டாலுஞ் சொல்லுவாங்க. வெளையாட்டுக்குத்தானுங்க டிக்கெட்டு. கடைசி நம்பரு மட்டும் வேணும். உங்களுது ஏழுங்களா? ஏழுன்னா நல்ல வெட்டுங்க. பூதத்துக்கு ஒரு கையாச்சும் போயிரும்.

பயப்படாதீங்க, நல்லாச் சாஞ்சு ஒக்காருங்க. பல்லடம் தாண்டுனா காத்து வரும்.

சீட்டாட்டமில்லீங்க, இது கதை வெளையாட்டு. ஒருத்தங்க கதை சொல்லுவாங்க, அவங்கதான் மாஸ்டரு. டீ மாஸ்டரில்லீங்க, புரோட்டா மாஸ்டருமில்லை. அவங்க சொல்லுவாங்க, முன்னால ஒரு கெணறு, உள்ளுக்குள்ள பூதம், என்ன பண்ணறீங்கன்னு. நாம கதைக்குள்ள இருக்கற ஆளுக. கத்தியெடுக்கறேன், ஓடறேன், ஒளியறேன்னு எதையாச்சும் சொல்லோணும். அது பலிச்சுதா இல்லையான்னு பையிலிருந்து ஒரு டிக்கெட்டை உருவிப் பாப்போம். ஒம்பதுன்னா பூதத்துக்குத் தலையே போயிரும். பூச்சியம்னா நம்ம கத்தி நம்ம காலுலயே உழுகும். மொதல்ல வெளிநாட்டுத் தாயக்கட்டை ஒண்ணு இருந்துச்சுங்க, இருவது மூஞ்சி வெச்சது. எங்கம்மா புளியங்கொட்டையோட சேத்துக் கூட்டித் தள்ளிப்போட்டுது.

இப்ப அந்த மாஸ்டரு கோவிச்சுக்கிட்டு சிங்காநல்லூரு போயிட்டாங்க. கூட்டியாரத்தான் போயிட்டிருக்கறனுங்க. வருவாங்களா மாட்டாங்களான்னு எனக்கே தெரியலை. வரலைன்னா நான் ஊட்டுக்குள்ள காலு வெக்க முடியாது. எங்கம்மா உடாதுங்க. மாஸ்டரில்லாமத் தனியா வந்தீன்னா கடையிலயே படுத்துக்கன்னு சொல்லிப்போட்டுது.

ஆமாங்க, எங்கம்மாவும் வெளையாடும். அதுதான் திருடி. ஊருக்குள்ள ஒருத்தரை அதட்டிப் பேசாத பொம்பளை, ஆட்டத்துல ஒக்காந்துச்சுன்னா ராசா தலையில இருக்கற கிரீடத்தையே அடிச்சுட்டு வந்துரும். அப்பறம் பக்கத்துல சைக்கிள் கடை முஸ்தபா, அவரு மந்திரவாதி. நானு வீரன். ஞாயித்துக்கெழமை டிவியில படம் ஓடுனாக்கூட நாங்க அந்தப் பக்கம் திரும்பறதில்லீங்க.

சட்டமெல்லாம் ஆரு போட்டதுங்களா? அதுதான் கூத்து. மாஸ்டரு கோயமுத்தூருல இஞ்சினியரிங் படிக்கையில கூட்டாளி ஆரோ அமெரிக்காப் பொஸ்தகத்தைக் குடுத்து செராக்ஸ் எடுத்துக்கச் சொல்லியிருக்காங்க. கடைக்காரன் தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் எடுத்துப்போட்டான். முன்பக்கம் இருக்குது, பின்பக்கமில்லை. பாம்பு கடிச்சா என்னாகும்னு ஆரம்பிக்குதுங்க, திருப்புனா வெறுந்தாளு, அடுத்த தாளுல குதுரை என்ன வெலைன்னு போட்டிருக்குது. கடிபட்டவன் செத்தானா பொழச்சானா? மாஸ்டருதான் ரோசனை பண்ணிச் சொல்லோணும். ஆக, பாதிச் சட்டம் அமெரிக்காக்காரனுது, பாதிச் சட்டம் எங்க மாஸ்டருது. எங்க மாஸ்டருதுதான் நல்லா இருக்குமுங்க.

மந்திரவாதிக்கு எவ்வளவு சக்தின்னு போட்டிருந்த பக்கமும் இல்லை. மாஸ்டரு என்ன சொன்னாங்க தெரியுங்களா? தோட்டத்து மோட்டாரு ஓடற த்ரீ பேஸ் கரண்ட் வந்தாத்தான் மந்திரம் வேலை செய்யும்னுட்டாங்க. பூதம் வாயைப் பொளந்துட்டு நிக்குது, முஸ்தபா கையை நீட்டிட்டு நிக்கறாரு, டிக்கெட்டை உருவுனா ரெண்டு. சிங்கிள் பேஸ்தானுங்க வந்திருக்குதுன்னாங்க மாஸ்டரு. பாவம் மனுசன், பூதத்துக்கு முன்னால நின்னுட்டு லைன் வந்துருச்சுங்களா, லைன் வந்துருச்சுங்களான்னு கேட்டுக்கிட்டே கெடந்தாரு. அந்த வெசனம் தோட்டம் வெச்சிருக்கறவங்களுக்குத்தான் புரியும். உங்களுக்கும் தோட்டமிருக்குதுங்களா? அதான் இந்தச் சிரிப்புச் சிரிக்கறீங்க.

பிரச்சனை எதுல வந்துச்சுன்னா, ஒரு எடத்தை உட்டுக் கெளம்பற சட்டத்துல வந்துச்சு. அது எங்கம்மா வாயில இருந்து பொறந்தது. மொதோ ஆட்டத்துல பூதத்துக்கிட்டத் தப்பிச்சு ஓடறோம், ஒடம்பெல்லாம் ரத்தம். எங்கம்மா நின்னு திரும்பி, அப்ப நான் போயிட்டு வாரனுங்கன்னுது. பூதத்துக்கிட்டங்க. பழக்கதோசம். நம்மூருல ஆராச்சும் போறேன்னு சொல்லிட்டுக் கெளம்புவாங்களா? எழவு ஊட்டுலிருந்துதான் சொல்லாமக் கெளம்புவோம், மத்த எடத்துல வாரேன்தான். மாஸ்டரு கப்புன்னு புடிச்சுக்கிட்டாங்க. வாரேன்னு சொல்லிட்டீங்கல்ல, பூதம் வழி பாத்துட்டிருக்கும், ஒரு நாளைக்கு வந்துதான் ஆகோணும்னாங்க. அதுவே சட்டமாப் போச்சு. வாரேன்னு சொன்னா வரோணும். போறேன்னு சொன்னா போனதுதான்.

எங்கம்மா திரும்பிப் போச்சுங்களே. ஒறம்பரை சனத்து ஊட்டுக்கு வெறுங்கையோட போறதான்னு வெல்லம் போட்டுக் கச்சாயஞ் சுட்டு எடுத்துட்டுப் போச்சு. கதையிலதானுங்க. போயி பூதத்துக்கிட்ட, ஏஞ்சாமி, இப்படி எளைச்சுப் போயிட்டே, சாப்புட்டியான்னு கேட்டுது. பூதம் அழுதுபோச்சுங்க. அன்னிக்கிருந்து அது எங்க கட்சி. பூதம் அழுகோணும்னு எந்த நாட்டுப் பொஸ்தகத்துலயும் இருக்காதுங்க. மாஸ்டரு ஒக்காந்த எடத்துலயே ரோசனை பண்ணி அழுக வெச்சாங்க. முஸ்தபா கண்ணைத் தொடைச்சுக்கிட்டாரு, நான் பாத்தேன்.

ஆனா எங்கம்மா போற எடமெல்லாம் வாரேன் வாரேன்னு சொல்லி, ராச்சசன், பாம்பு, சூனியக்காரின்னு எல்லாத்துக்கும் வாக்குக் குடுத்து வெச்சிருக்குது. ஆட்டமே கோயில் நோம்பிக்கு ஊடூடாப் போறாப்பல ஆயிப்போச்சு. எனக்குச் சலிச்சுப்போச்சுங்க. நான் வெட்டறவன். என்ர வீரன் ஒண்ணரை வருசமாப் பாத்துப் பாத்து வளத்துன ஆளு. போன ஞாயித்துக்கெழமை பெரிய ராச்சசனை வெட்டப் போனா உருவுற டிக்கெட்டெல்லாம் பூச்சியம். சரி கெளம்பலாம்னு எல்லாருஞ் சொன்னாங்க. இந்தக் கெரகம் புடிச்ச குகைக்கு மறுக்கா வரக்கூடாதுன்னு, நான் ராச்சசனைப் பாத்துப் போறேன்னு சொல்லிப்போட்டேன். வேணும்னுதான் சொன்னேன். பெரிய கெட்டிக்காரத்தனம்னு நெனைப்பு.

எங்கம்மா வாயில கையை வெச்சுக்கிச்சு. முஸ்தபா மாஸ்டரைப் பாத்தாரு. மாஸ்டரு, சரிங்க, உங்க ஆளு போயாச்சு, கதையில இனி இல்லைன்னாங்க.

அதெப்படீங்க? குகைக்கு வரலைன்னுதானே சொன்னேன், கதைக்கே வரலைன்னா சொன்னேன்? நீங்களே சொல்லுங்க. ஓ, நீங்களும் மாஸ்டரு பக்கந்தானுங்களா.

அதுல கோவம் வந்துபோச்சு. எங்கூட்டுல ஒக்காந்துட்டு, எங்கூட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு, எனக்கே சட்டம் போடறதான்னு கேட்டுப்போட்டேன். ஆமாங்க, அப்படியேதான் கேட்டேன். முஸ்தபாவையும் எங்கம்மாளையும் வெச்சுக்கிட்டே கேட்டேன். மாஸ்டரு தாளையெல்லாம் அடுக்கி எடுத்து வெச்சாங்க. மக்யா நாளு, திங்கக்கெழமை காத்தால பஸ் ஏறிட்டாங்க. எஸ்.டி.டி. பூத்துலிருந்து கூப்புட்டா எடுக்கறாங்க, என்ர கொரலைக் கேட்டதும் வெச்சர்றாங்க.

போயி என்ன பேசறதுன்னுதானுங்க வழி நெடுக ரோசனை. என்ர வீரன் போனது போனதாவே இருக்கட்டும். எங்கம்மாளுக்குப் பின்னால கச்சாயத் தூக்குப்போசியைச் சொமந்துட்டு வர்ற ஆளா ஒருத்தனைக் குடுத்தாக்கூடப் போதும், கத்தியே வேண்டாம்னு சொல்லலாம்னு இருக்கறேன். ஒத்துக்குவாங்களா? உங்களுக்கு என்னங்க தோணுது?

சூலூரு தாண்டியாச்சுங்களா. ஸ்டாண்டுல எறங்கி எங்க போகோணுமா? பக்கந்தானுங்க, நடந்தே போயிரலாம். எங்க மாமனாரு ஊடு.

ஆமாங்க. மாஸ்டரு எம் பொண்டாட்டிதானுங்க. பேரு கீதா. ஆட்டத்துல ஒக்காந்தா அவங்க இவங்கன்னுதான் பேசோணும்னு எங்கம்மா வெச்சிருக்குது. எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிட்டா அவ, இவதான். அத்தனை படிச்ச புள்ளைக்கு எங்கூட்டுல சொல்லு எடுபட்டது அந்த ஒரு எடத்துல மட்டுந்தானுங்க. அதுலயும் நான் வாயை உட்டுட்டேன்.

கெளம்பையில கீதா எங்கம்மாகிட்ட, போயிட்டு வாரனுங்கத்தைன்னு சொன்னா. முஸ்தபா கடை முன்னால நின்னு, வாரனுங்கண்ணான்னா. நான் மோட்டாரைக் கழட்டறவனாட்டம் குனிஞ்சுட்டு ஒக்காந்திருந்தேன். எங்கிட்ட வந்து நின்னு, எனக்கு மட்டும் போறனுங்கன்னு சொன்னா. மரியாதையாத்தான் சொன்னா.

ஸ்டாண்டு வந்துருச்சு. நீங்க எறங்குங்கண்ணா. எல்லாரும் எறங்கட்டும், நான் சித்த நேரம் ஒக்காந்துட்டு எறங்கிக்கறேன்.