திருப்பி அனுப்பின ரெக்கவரி வண்டி

இருங்க தம்பி, அந்தப் பட்டனை இப்ப அமுக்காதீங்க. கப்பல்ல வண்டி ஏத்த இன்னும் நேரம் கிடக்கு. இந்தப் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்துல என்னிக்கு அவன் சொன்ன நேரத்துக்கு ஏத்தியிருக்கான்? முதல்ல ஒரு விடுகதைக்குப் பதில் சொல்லுங்க. காசு கொடுத்து வாங்குறோம். வாங்கின நிமிஷத்துலேர்ந்து அது வேலைக்கே வரக் கூடாதுன்னு வேண்டிக்கிறோம். அது என்ன?

குடையா? குடை நம்ம ஊர்ல தினம் வேலைக்கு வருதே. சவப்பெட்டியும் இல்ல. லீவுக்குப் போற பிள்ளைக்கு ஏன் புத்தி அங்க போகுது? நீங்க இப்ப போன்ல வாங்கப் போறீங்களே, அதேதான். பிரேக்டவுன் கவர், வண்டி வழியில நின்னுட்டா வந்து தூக்கிப் போறதுக்கான இன்சூரன்ஸ். என் பையன் கோரின் போட்ட விடுகதை இது. ரோட்டோரத்துல புல்லுல உக்காந்துகிட்டுப் போட்டான்.

காட்டுங்க பாப்போம், எதை எடுக்கறீங்க. ம். இருக்கறதுலயே மலிவானது. அதானே, எல்லாரும் அதைத்தான் எடுப்போம். உங்க வேன்ல பின்னாடி கட்டில் போட்டிருக்கீங்கல்ல? திரை தொங்கறதைப் பாத்தேன். அப்ப இந்தக் கவர் உங்களை வாசல்லயே நிறுத்திடும்.

சிரிக்காதீங்க. என்னுது பழைய பூக்கடை வேன். நானே பலகை அடிச்சுக் கட்டில் போட்டேன். பாங்க்குல கணக்கு வெச்சா சும்மாவே ஒரு கவர் தருவாங்களே, அது இருக்குன்னு நெனச்சேன். அது காருக்கு மட்டும்தான், வேனுக்கு ஆகாதுன்னாங்க. சரின்னு வேன் கவர் கேட்டா, கட்டில் இருக்கா, அப்ப அது வேனே இல்லன்னாங்க. கட்டில் வெச்ச வண்டிக்குன்னு ஒருத்தன் தர்றான், அவன்கிட்ட போனா, அடுப்பு இருக்கா, தண்ணித்தொட்டி இருக்கா, இல்லியா, அப்ப நீங்க எங்க ஆள் இல்லன்னான். காரும் இல்ல, வேனும் இல்ல, வீடும் இல்ல. நான் என்ன கட்டிலையா ஓட்டிகிட்டுப் போறேன்?

கடைசியா ஒரு கம்பெனி எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிச்சு. எல்லாத்துக்கும் சரின்னு சொல்றவனை நம்பவே கூடாது தம்பி. நான் அப்படி ஒருத்தனைக் கல்யாணமே கட்டியிருக்கேன். யானிக்னு பேரு, பிரெஞ்சுக்காரன். பிரிஞ்சாச்சு, விடுங்க. அவன் பிரான்ஸ்ல லெ மான் பக்கத்துல இருக்கான். பள்ளிக்கூடம் நடக்கறப்ப கோரின் இங்க ஸ்விண்டன்ல என்கூட. கோடை லீவு முழுக்க அப்பாகூட. ஆகஸ்ட் கடைசில நான் வேனை எடுத்துட்டுப் போயி கூட்டியாருவேன். இது நடந்த வருஷம் பூரா யானிக்குக்கு ஒரே பாட்டு. ஒரு வருஷம் இங்க படிக்கட்டுமே நோரின், அவனுக்கும் ஆசை இருக்கு நோரின். நோரினாவது, மண்ணாவது. எம்புள்ள எங்கூடதான் வருவான்னு சொல்லி, அவன் பையை வேன்ல தூக்கிப் போட்டுக் கிளம்பிட்டேன்.

ஒரு மணி நேரம்கூட ஓடியிருக்காது, கிளட்ச் போச்சு. சுங்கம் கட்டிப் போற பெரிய ரோடு. ஓரத்துல ஒதுக்கிட்டு, மஞ்சச் சட்டையை மாட்டிகிட்டு, தடுப்புக்கம்பிக்கு அந்தப் பக்கம் போயி உக்காந்தோம். எங்க நிழல் இருந்துச்சு? ஒரு குச்சி நிழல் கிடையாது.

கவர்காரங்க நம்பருக்குப் போன் போட்டேன். ஒரு பொண்ணு, தேன் மாதிரி குரல். நாங்க அனுப்புற வண்டியைத் தவிர வேற யாரையும் வேனைத் தொட விடாதீங்க, தொட்டா கவர் செல்லாதுன்னா. சரிம்மான்னேன்.

கொஞ்ச நேரத்துல, நின்னுபோன வண்டியைத் தூக்கிப் போற ஒரு மஞ்ச ரெக்கவரி வண்டி தானாவே வந்து நிக்குது. ரோட்டுக்காரங்க கேமராவுல பாத்து அனுப்பியிருக்காங்க. டிரைவர் இறங்கி வந்து பிரெஞ்சுல என்னமோ சொல்றாரு. கோரின்தான் எனக்குச் சொன்னான், அம்மா, இந்த ரோட்டுல இவங்க மட்டும்தான் வண்டி தூக்கலாமாம், வேற யாரும் உள்ளயே வர முடியாதாம்னு. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? நல்லவிதமா, சிரிச்ச முகமா, ரொம்ப நன்றிங்க, எங்க ஆள் வந்துகிட்டிருக்காருன்னு அனுப்பி வெச்சேன். நமக்குத்தான் நன்றி சொல்லாம மூச்சே விட வராதே. கோரினையும் நன்றி சொல்ல வெச்சேன். அந்த மனுஷன் தோளைக் குலுக்கிட்டுப் போயிட்டாரு.

எங்க ஆளா? எப்படி வருவான்? வரவே முடியாதே. பிரான்ஸ்ல பெரிய ரோட்டுல நின்னுட்டா, அங்கங்க நிக்கிற ஆரஞ்சு போன்ல கூப்பிட்டு, அவங்க வண்டியிலதான் வெளியே வரணும். அப்புறம்தான் நம்ம கவர் எல்லாம். அது அந்தக் கம்பெனி காகிதத்துலயே சின்ன எழுத்துல இருக்கு தம்பி. நான் பின்னாடி படிச்சேன். அந்தப் பொண்ணு அன்னிக்கு வரைக்கும் அதைப் படிக்கல. அதுக்குத்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கறாங்க, சொந்தக் கம்பெனி காகிதத்தைப் படிக்காம இருக்கறதுக்கு. திரும்பத் திரும்ப, உங்க பொறுமைக்கு நன்றிங்கறா. யாருகிட்ட இருந்துச்சு பொறுமை? நான் கொடுத்தேனா?

கோரின் கேட்டான், அப்பாவைக் கூப்பிடலாமான்னு. வேணாண்டா, நமக்குக் கவர் இருக்குன்னேன். கையோட எடுத்துட்டு வந்த தண்ணி தீந்துபோச்சு. வேனுக்குள்ள இருக்குற பாட்டிலை எடுக்கலாம்னா லாரி போற வேகத்துல கம்பியைத் தாண்டவே பயமா இருக்கு. பையன் காது செவந்து கிடக்கு. மறுபடி கேட்டான், அப்பாவைக் கூப்பிடலாம்மா. கவர் இருக்குடான்னேன். மூணாந்தடவை அவன் கேக்கல. அந்த விடுகதையைத்தான் போட்டான்.

அப்புறம் என்ன? போலீஸ் வந்தாங்க. பின்னாடியே அதே மஞ்ச வண்டி, அதே டிரைவர். கோரினுக்கு ஒரு பாட்டில் தண்ணி கொடுத்தாரு. என்னைப் பாக்கவே இல்ல. வேனை ஏத்தி, எங்களையும் ஏத்தி, ஷெட்டுல கொண்டுபோய் இறக்கினா, அங்க யானிக் நிக்கறான். நான் அந்தத் தேன்குரல்காரி லைன்ல காக்க வெச்சுப் போட்டு விட்ட பாட்டைக் கேட்டுகிட்டிருந்த நேரத்துல, பையன் தன் போன்ல அப்பனைக் கூப்பிட்டிருக்கான்.

இல்ல தம்பி, அவன் திட்டல. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாக்கூட நல்லா சண்டை போட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். நீளரொட்டியில வெண்ணெயும் பன்னிக்கறியும் வெச்சுக் கொண்டாந்திருந்தான். எனக்கும் சேத்து. அதான் இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியுது.

அதனால சொல்றேன், அதை எடுக்காதீங்க. கீழ இருக்கு பாருங்க, நான் இந்த வாரம் வாங்கினது. கட்டில் இருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டு வாங்கணும். பிரெஞ்சு ரோட்டுல தூக்குற கூலியைத் திருப்பித் தருவாங்களான்னு எழுத்துல கேளுங்க. உங்க பொண்டாட்டி கேக்கச் சொன்னாங்கன்னு சொல்லுங்க, பயப்படுவானுங்க.

என் வேன்லயா? யாரும் இல்ல, இன்னிக்கு நான் மட்டும்தான். கட்டில் மேல கிடக்கறது கோரினோட சைக்கிள். அங்க கொண்டுபோய்க் கொடுக்கணும். திங்கக்கிழமை திரும்பிடுவேன்.

அதோ, நம்ம வரிசை நகருது. சாவியைப் போடுங்க.

அன்னிக்கு ஷெட்டுல அப்புறம் என்னாச்சுன்னா? அதைச் சொல்லி முடிக்கலையா? ஷெட்டுல உக்காந்திருக்கறப்ப அந்தப் பொண்ணே திரும்பக் கூப்பிட்டா. வேன் ரிப்பேருக்கு நாளாகும், உங்களை டாக்ஸியில துறைமுகம் வரைக்கும் அனுப்பி, கப்பல் டிக்கெட்டும் போட்டு வீடு கொண்டுபோய்ச் சேத்துடறோம், எல்லாம் கவர்ல உண்டு, எத்தனை பேரை அனுப்பணும்னு கேட்டா. கை நிறைய ரொட்டி, அதனால போனை ஸ்பீக்கர்ல போட்டிருந்தேன். கோரின் அவங்கப்பா கார்ல உக்காந்திருந்தான், கதவு திறந்துதான் இருந்துச்சு.

ஒருத்தர்னு சொல்லும்மான்னான்.