வாயில வராத வார்த்தை

காலைல எட்டு மணிக்கு பெல் அடிச்சாலே எனக்குத் தெரிஞ்சுடும் சார், கிருஷ்ணபிரசாத்தைப் பத்தி விசாரிக்க வந்திருக்காங்கன்னு. நீங்க நாலாவது ஆளு. மத்த மூணு பேரும் ஜாதகம் பொருந்தலன்னுட்டாங்களாம். உக்காருங்க. பொண்ணு பேரு அனுபமான்னா சொன்னீங்க? ரெண்டாம் தாரம்னா பக்கத்து வீட்ல கேக்கத்தான் வேணும். இந்த அல்வால் ஏரியால எங்க பில்டிங்ல தமிழ் வீடு ரெண்டே ரெண்டுதான். அவங்களும் நாங்களும். நடுவுல ஒரு செவுரு.

பையன் தங்கம் சார். குடி கிடையாது, சிகரெட் கிடையாது. லிப்ட்ல பாத்தாக்கூட, சாப்டாச்சா ஆன்ட்டின்னு கேக்காம போக மாட்டாரு.

கோவமா? வரும். வந்தா கத்துவாரு. பொண்டாட்டிய மட்டும்தான், வேற யாரையும் ஒரு சொல்லு சொன்னதில்ல. சுத்தி எல்லாம் தெலுங்குக்காரங்க, தமிழ்ல திட்டினா யாருக்கு என்ன தெரியப்போகுது? எனக்குத்தான் புரியும். நான் டிவிய சத்தமா வெச்சுக்குவேன்.

என்ன சொல்லித் திட்டுவாரா? நக்கோ சார், வேண்டாம், அதெல்லாம் கேக்காதீங்க. எங்க வீட்ல எருமைன்னுகூட யாரும் சொன்னதில்ல.

டைவர்ஸ் கேஸ் நடந்தப்ப கோர்ட்லயும் இதையேதான் கேட்டாங்க. ஆமா, நான் போனேனே. அவரு மொத சம்சாரம் தாரிணி வந்து, ஆன்ட்டி, உங்க ஒருத்தருக்குத்தான் புரியும், காதுல விழுந்ததை அப்படியே சொன்னாப் போதும், குழந்தை எங்கிட்ட வந்துடும்னு அழுதா. அடிச்ச தழும்பு ஒண்ணும் கிடையாது பாருங்க, எல்லாம் பேச்சுதான். சரி வரேன்னேன். சத்தியம் பண்றதுன்னா வெளையாட்டா? விடிகாலைல தலைக்குக் குளிச்சேன். பச்சத் தண்ணி பல்லுல படல. கடவுள் சாட்சியா உண்மையைத்தான் சொல்வேன்னு சொல்றப்ப உடம்பே சிலுத்துப் போச்சு எனக்கு.

அப்புறம் அவ வக்கீல், என்ன வார்த்தை சொன்னாருன்னு கேக்கறாரு. அத்தனை ஆம்பளைங்க நடுவுல. அசிங்கமாத் திட்டினாருன்னேன். அசிங்கம்னா எப்படிங்கறாரு. நான் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன். ஜட்ஜ் நல்ல மனுஷன். சொல்ல வேண்டாம்மா, பேப்பர்ல எழுதிக் குடுங்கன்னாரு. இப்பதான் சாமி பேரைச் சொல்லியிருக்கேன், அடுத்த நிமிஷம் அதை எழுதறதா? மாட்டேன்னுட்டேன். அதுக்குள்ள கிருஷ்ணபிரசாத் பக்கத்து வக்கீல் எந்திரிச்சு, சனியன், மூதேவி, அந்த மாதிரியாம்மான்னு கேட்டாரு. தாரிணி என் மூஞ்சியையே பாத்துட்டு நிக்கறா.

ஆமா, அந்த மாதிரிதான்னேன்.

இது எல்லா வீட்லயும் உள்ளதுதானேன்னு அந்த வக்கீல் சிரிச்சாரு. கேஸ் அதோட படுத்துருச்சு.

பொய்யா? என்ன சார் இப்படிச் சொல்றீங்க. திட்டினாருன்னு சொன்னேன்ல. என் வாயைக் கெடுத்துக்காம சொன்னேன், அவ்வளவுதான். கோர்ட்டை விட்டு வெளில வந்ததும் கிருஷ்ணபிரசாத்தே கார்ல கொண்டாந்து விட்டாரு, வழில இளநி வாங்கிக் குடுத்து. அந்த மரியாதை யாருக்கு வரும்? என்னைக் கேட்டா, தாராளமா முடிங்கன்னுதான் சொல்வேன்.

குழந்தை அவர்ட்டதான் இருக்கு. ஞாயித்துக்கிழமை கீழ பார்க்கிங்ல ஒரு மணி நேரம் அம்மா வந்து பாத்துக்கலாம்னு ஏற்பாடு. அதனால உங்க பொண்ணுக்குத் தொந்தரவு இருக்காது. ஹம்ஸினி, எட்டு வயசு, சமத்து. ஸ்கூல்ல ஹிந்தி, கீழ வெளையாடறப்ப தெலுங்கு. தமிழ் புரியும், பேச வராது. நான் தமிழ்ல கேட்டாலும் தெலுங்குலதான் பதில் சொல்லும்.

ஒரே ஒரு தடவை அது தமிழ் பேசி நான் கேட்டிருக்கேன். போன ஜூன் இருபத்திரெண்டு, ஞாயித்துக்கிழமை. தாரிணி தலை பின்னி விடப் போனா. குழந்தை அவ கையைத் தட்டி விட்டுட்டு, அவங்கப்பா சொல்றதையே சொல்லிச்சு, ஒரு எழுத்து பிசகாம. அடுத்த ஞாயித்துக்கிழமைலேருந்து தாரிணி வர்றதில்ல.