ஒரு சின்னப் பார்சல்

இல்லைப் பிள்ளை, மிளகாய்த்தூள் இல்லை. பயப்பிடாதேயும். பார்சல் எண்டு போனில சொன்னவுடன உம்மட முகம் எப்பிடிப் போயிருக்கும் எண்டு எனக்கு இஞ்ச இருந்தே தெரிஞ்சுது. எங்கட சனத்துக்கு ஒருத்தர் பிளேன் ஏறப்போறார் எண்டு காதில விழுந்தாக் காணும், ரெண்டு கிலோ தூள், பருத்தித்துறை வடை, ஆற்றையோ மருமகளுக்குச் சீலை எண்டு கொண்டந்து குவிச்சுப்போடுங்கள். நான் அப்பிடியில்லை. சின்னச் சாமான் ஒண்டுதான். ஏலாது எண்டா ஏலாது எண்டு முகத்துக்கு நேர சொல்லும், கோவிக்கமாட்டன். ஆனா தேத்தண்ணியைக் குடிச்சு, நான் சொல்லுறதையும் கேட்டுப்போட்டுப் பிறகு முடிவெடும்.

உதில இரும். அந்தக் கதிரை வேண்டாம், கால் ஆடும். திருத்துங்கோ திருத்துங்கோ எண்டு இவருக்குச் சொல்லி என்ரை நாக்குத்தான் தேய்ஞ்சுது. இவர் ஷிப்ட் முடிஞ்சு ஆறு மணிக்குத்தான் வருவார். அதுக்குள்ள நாங்கள் கதைச்சு முடிக்கோணும். உம்மைக் கூப்பிட்டது இவருக்குத் தெரியாது. என்ன முழிக்கிறீர்? களவு ஒண்டுமில்லை பிள்ளை. சொல்லுறன்.

உம்மட அவரை அனுப்புறதும் அதே கார் முதலாளிதானே. எங்களையும் அவர்தான் அனுப்பினவர். இவருக்கு இஞ்ச சிற்றிசன் கிடைச்ச கையோட, ஜப்பானில பழைய கார் வேண்டிக் கப்பலில ஏத்திவிட ஒரு நம்பிக்கையான ஆள் வேணும் பாஸ்கரன், நீர் போறீரோ எண்டு கேட்டார். எங்கட அனுசன் அப்ப கைக்குழந்தை. நானும் டோக்கியோ, லைற்று, ரயில் எண்டு நினைச்சுப் பெட்டி கட்டினன். போய் இறங்கினா தொயாமாப் பக்கம் ஒரு சின்ன ஊர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவில எங்கட முதலாளியின்ரை கார் யார்ட். தமிழ்ச் சத்தம் எண்டா எங்கட ரெண்டு பேற்றை வாய்தான். நீரும் அங்கதான் போறீர், அதே ஊர். உம்மட மாமி கடையில வைச்சு அதைச் சொன்ன அண்டைக்குத் தொடக்கம் எனக்கு நித்திரை இல்லை.

எழுதி வைக்கவோ? சும்மா இரும், இதென்ன சோதினையே. குப்பையைப் பற்றி மட்டும் வடிவாக் கேளும். சிரிக்காதேயும்! இஞ்ச எண்டா கறுப்பு பாக்குக்குள்ள எல்லாத்தையும் அடைஞ்சு வாசலில எறிஞ்சுபோட்டுப் போறம். அங்க எரியிற குப்பைக்கு ஒரு நாள், எரியாத குப்பைக்கு ஒரு நாள், போத்தலுக்கு வேற நாள். நான் போன புதுசில மீன்தலையளைப் பிழையான நாளில கொண்டே வைச்சிட்டன். பின்னேரம் பெல் அடிக்குது. திறந்தாப் பக்கத்து வீட்டு ஒகாவா அம்மா, அங்கத்தை மரியாதைக்கு ஒகாவா சான், நிக்கிறா. என்ரை குப்பையை ரெண்டு கையாலயும் ஏந்திக்கொண்டு, பொம்பிளை வீட்டுக்குத் தட்டம் கொண்டந்தவ மாதிரி. குனிஞ்சு கும்பிட்டு, குப்பையை என்ரை கையில தந்திட்டுப் போறா! எனக்குச் சீ எண்டு போச்சு. ஆனா அண்டைக்கு ஒண்டு பழகினன். அங்க எதைக் குடுத்தாலும் வாங்கினாலும் ரெண்டு கையாலயும். ஒற்றைக் கையால வாங்கினா வேண்டாவெறுப்பா வாங்கினமாதிரி. அதை மறந்திடாதேயும்.

அந்த ஒகாவா சான் தங்கமான மனுசி. புருசன் செத்துப்போனார், பிள்ளை குட்டி இல்லை, சோயாவில செய்யிற கட்டி இருக்கெல்லோ, தோஃபு, தனிய ஒரு தோஃபுக் கடை நடத்தினவ. எங்கட அனுசன் தவழ்ந்த வீடு அவவின்ரை கடைதான். எனக்கு அந்தப் பாசை நாக்கில ஒட்டவே மாட்டன் எண்டுது, இவன் பொரிஞ்சு தள்ளுவான். நான் தமிழில பேச, அவன் ஜப்பான் பாசையில எனக்கு வாய் காட்டுவான். கடைக்குப் போனா எனக்கு மொழிபெயர்ப்பாளர் ஆர்? இந்த அரைச்சாண் பெடியன். அம்மாக்கு ஒண்டும் விளங்காது எண்டு கடைக்காரனுக்குச் சொல்லிச் சிரிப்பான். எனக்கு விளங்காதெண்டு நினைச்சுக்கொண்டு.

இப்ப எத்தினையாம் வகுப்போ? பொறும் பிள்ளை. வாறன் அதுக்கு.

ஒருநாள் ஒகாவா சான் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டவ. எல்லாரும் சாப்பிடுற குச்சியோட இருக்கிறம். எனக்குக் குச்சி பிடிக்க வராது, இவர் கெட்டிக்காரன். நல்ல மீன் துண்டு ஒண்டை எடுத்து, எனக்கு எண்டு பாசமா என்ரை குச்சிக்கு நீட்டினார். நானும் என்ரை குச்சியால வாங்கினன். ஐயோ, அந்த மனுசியின்ரை முகம் வெளிறிப் போச்சு! கையை நீட்டித் தடுத்தவ, மீன் கோப்பைக்க விழுந்துது. குச்சியால குச்சிக்குக் குடுக்கக்கூடாதாம். ஏன் எண்டு கேட்டா வாய் திறக்கேல்லை. அனுசனைக் கேக்கச் சொன்னன். அவனுக்கும் சொல்லேல்லை, தலையைத் தடவிவிட்டிட்டு இருந்திட்டா. எனக்குக் கோவம் எண்டா கோவம். கட்டின மனுசன் பெண்சாதிக்கு ஒரு துண்டு மீன் குடுத்ததில என்ன குற்றம் எண்டு வீட்டை வந்து இவரோடதான் கத்தினன். நீங்களும் அப்பிடிச் செய்துபோடாதேயுங்கோ. விளையாட்டுக்கும் செய்யாதேயுங்கோ.

அங்க பின்னேரம் அஞ்சு மணிக்கு ஊர் முழுக்க ஸ்பீக்கரில ஒரு பாட்டுப் போகும். சொல்லில்லை, வெறும் மெட்டு. விளையாடுற பிள்ளையள் வீட்டை போங்கோ எண்டதுக்கு. பாட்டுக் கேட்டவுடன எல்லாம் பந்தையும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அனுசன் அந்த மெட்டை வாயால பாடிக்கொண்டே வருவான். அது முடியிறதுக்கிடையில வாசலுக்கு வந்திடோணும் எண்டு தனக்குத்தானே ஒரு பந்தயம். சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, ஜெயிச்சிட்டன் எண்டு கத்துவான். நான் பேசுவன், சப்பாத்தை ஒழுங்கா வையடா எண்டு.

அந்த ஊரில ஸ்நோ எண்டா ஆளுயரத்துக்குக் கொட்டும். றோட்டுக்கரையில வாய்க்கால் வெட்டி வைச்சிருக்கினம். மூடியைத் திறந்து ஸ்நோவை உள்ளுக்குத் தள்ளினா, கீழ ஓடுற தண்ணி கொண்டுபோயிடும். நல்ல தண்ணிவேகம். நீர் அதில கவனம், கேட்டீரோ? பிள்ளை பிறந்தா இன்னும் கவனம்.

அண்டைக்கு நான் குசினியில பருப்புத் தாளிச்சுக்கொண்டு நிண்டனான். பாட்டுக் கேட்டது. முடிஞ்சுது. மற்றப் பிள்ளையள் கத்திக்கொண்டு வாசலால போறது கேட்டது. என்ரை பிள்ளை வரேல்லை.

ஒகாவா சான்தான் கண்டவ. ஒரு மூடி திறந்தபடி கிடந்தது. பக்கத்தில அவன்ரை ஒரு சப்பாத்து. ஆறு வயசு, பிள்ளை. அதுக்கு முதல் மாசம்தான் பள்ளிக்கூடப் பை வேண்டிக் குடுத்தனாங்கள். முதலாம் வகுப்புக்குப் போக இருந்தவன்.

இல்லை, அழாதேயும். நீர் அழுதா நானும் துடங்கிடுவன், பிறகு சொல்ல வந்ததைச் சொல்லமாட்டன்.

எங்கட சனத்தில பொம்பிளையள் சுடலைக்குப் போறேல்லை, தெரியும்தானே. சாம்பல் அள்ளுற காடாத்துக்கும் ஆம்பிளையள்தான். நான் வீட்டில கிடந்து தலையை அடிச்சு அழுவம் எண்டுதான் நினைச்சிருந்தன். ஒகாவா சான் வந்து எனக்குக் கறுப்புச் சட்டை போட்டுவிட்டு, கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனா. தாய்தான் நிக்கோணுமாம். எரிச்சு முடிய எங்களை உள்ளுக்குக் கூப்பிட்டினம். ஆளுக்கொரு சோடி குச்சி தந்தினம். நான் ஏன் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். ஒருத்தர் எலும்பைக் குச்சியால எடுத்து நீட்டோணும், மற்றவர் குச்சியால வாங்கி அஸ்தி முட்டியில போடோணும். காலில இருந்து துடங்கோணும், அப்பத்தான் முட்டிக்க பிள்ளை தலைகீழா இருக்காதாம். இவர் எடுத்து நீட்டினார். நான் வாங்கினன். என்ரை கை, குச்சி பிடிக்கத் தெரியாத கை, அண்டைக்கு ஒண்டையும் கீழ விடேல்லை. அப்பதான் விளங்கிச்சுது அந்த மனுசி ஏன் மீனைத் தட்டி விழுத்தினவ எண்டு. சின்னப்பிள்ளை எண்டபடியா கனக்க மிஞ்சேல்லை, பிள்ளை.

அதுக்குப் பிறகு அங்க இருக்க என்னால ஏலேல்லை. அஞ்சு மணி எண்டா காதைப் பொத்திக்கொண்டு படுத்திடுவன். இவர் முதலாளிக்குச் சொல்லிப்போட்டு என்னை இஞ்ச கூட்டியந்திட்டார். அவனையும் கொண்டந்தனாங்கள். இந்தா, இந்த அலுமாரியில சாமிப்படத்துக்குப் பக்கத்தில. சண்டை முடியட்டும், ஊருக்குப் பாதை திறக்கட்டும், கீரிமலைக் கடலில கொண்டுபோய்க் கரைப்பம் எண்டார் இவர். நானும் ஓம் எண்டன். சண்டை எங்க முடியப்போகுது எண்டு ஒரு நினைப்பு எனக்கு. சொல்லக்கூடாதுதான். ஆனா அவன் எங்களோடயே இருப்பான் எண்டிருந்தன்.

இப்ப முடிஞ்சுதாம். வைகாசியில. இவற்றை தாய் சண்டை நடந்த வன்னிக்குள்ள இருந்தவ. சித்திரையில ஒருக்காப் போன் எடுத்தவ, பிறகு கதையே இல்லை. இவர் வேலைக்கும் போகாம இஞ்சத்தைப் பார்லிமெண்டுக்கு முன்னால போய், சண்டையை நிப்பாட்டுங்கோ எண்டு கத்திக் கத்தித் தொண்டை அடைச்சு வந்து நிண்டார். பங்கர்க் குழிக்கயே செத்துப்போயிட்டா எண்டு பிறகு ஆரோ சொல்லிச்சினம். உடம்பில்லை, சாம்பலில்லை, செய்யிறதுக்கு ஒண்டுமில்லை. அம்மாவைத்தான் என்னால விட ஏலேல்லை மலர், மகனையாவது அந்தக் கடலில விடுவம், அம்மா வந்து ஏந்திக்கொள்ளுவா எண்டார். வளர்ந்த மனுசன், உந்தக் கதிரையில இருந்து குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அதுக்கு நான் எப்பிடிப் பிள்ளை மாட்டன் எண்டுறது?

ஆனா என்ரை மனம் கேக்குதில்லையே. அவன் கீரிமலையைக் கண்டவனோ? யாழ்ப்பாணம் எந்தப்பக்கம் எண்டும் தெரியாது அவனுக்கு. அவனுக்கு வழி தெரிஞ்சது அந்த ஊர்தான், அந்தப் பாட்டுத்தான், அந்தத் தோஃபுக் கடைதான். ஒகாவா சானோட போனில கதைச்சனான், என்ரை ஓட்டை ஜப்பான் பாசையில. அவவின்ரை புருசன் இருக்கிற கோயில் கல்லறையில ஒரு இடம் இருக்குதாம். தான் போகேக்கயும் அங்கதானாம். பிள்ளையைத் தனிய விடமாட்டன் எண்டா.

அப்ப நான் அவனைப் பிரிச்சன், பிள்ளை. பெரிய முட்டி இவரோட கீரிமலைக்கு. சின்ன முட்டி ஒண்டில கொஞ்சம் உம்மோட. அதுதான் பார்சல். இவருக்குச் சொல்லேல்லை, சொல்லிப்போட்டு அவற்றை முகத்தைப் பாக்கிற தைரியம் எனக்கில்லை. ஏர்போர்ட்டில கேட்டாக் காட்டக் கடதாசியெல்லாம் இருக்கு. பாரம் இல்லை. ஒரு தூள் பாக்கற்றளவும் வராது.

இரும், எடுத்துக் காட்டுறன். இந்தா, ஒகாவா சான் அந்தக் காலம் தந்த துணியிலதான் கட்டி வைச்சிருக்கிறன்.

பொறும்.

இது நான் கட்டின முடிச்சில்லை. நான் கட்டினது சும்மா சீலைமுடிச்சு. இது... இது இவற்றை முடிச்சு. லொறியில காருகளைக் கட்டுற முடிச்சு, யார்ட்டில பழகினது. எவ்வளவு இழுத்தாலும் கழராது. இந்த நுனியைப் பிடிச்சாத்தான் அவிழும். பாரும், உள்ளுக்கு என்ன இது? தொப்பி. அவன்ரை நீலக் கம்பளித் தொப்பி. இதை எங்கயோ துலைச்சுப்போட்டம் எண்டு இத்தினை வரியமா நான் தேடினனான். இவர்தான் வைச்சிருந்திருக்கிறார். திருநீறும் ஒரு கடதாசிச் சரையில மடிச்சு வைச்சிருக்கிறார்.

தெரிஞ்சுதான் இருந்திருக்குது மனுசனுக்கு. காலமையும் ஒண்டும் சொல்லேல்லையே. தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டு, போட்டு வாறன் எண்டிட்டுப் போனார்.

இல்லை, நான் சுகமாத்தான் இருக்கிறன். ஒரு நிமிசம் தாரும். முடிச்சை அவர் கட்டினமாதிரியே திருப்பிக் கட்டத் தெரியேல்லை எனக்கு.

சரி. இவ்வளவுதான். பெரிய பெட்டிக்குள்ள போட்டிடாதேயும் பிள்ளை, அது பிளேனுக்கு அடியில குளிருக்க கிடக்கும். கைப்பையில, மடியில வைச்சுக்கொண்டு போம். ஏலாது எண்டாலும் சொல்லும், இப்பவும் ஒண்டும் குறையில்லை. நான் முதலே சொன்னனான்தானே, கோவிக்கமாட்ட...

ஓம். ஓம் பிள்ளை. ரெண்டு கையாலயும். அப்பிடித்தான்.