மிச்சமிருக்கும் நாற்பது மரங்கள்

— முன்னூத்திப் பன்னெண்டு மரம், சித்தப்பா! வெட்டக்கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் நானே வெள்ளை வளையம் அடிச்சேன். வளையம் இருக்கிறதாப் பார்த்துப் பார்த்து அறுத்துத் தள்ளியிருக்கானுங்க!

— மெதுவாப் பேசு கண்ணு. வெளிய விசாரணைக் குழு உட்கார்ந்திருக்கு. கதவைச் சாத்து.

— கேக்கட்டும். எட்டு மாசம் அட்டைக் கடியில எண்ணினவ நான்.

— காத்துல சாஞ்சிருக்கும்.

— காத்து ரம்பத்தோடயா வந்துச்சு?

— சரி கண்ணு, பெரிய மரம் போச்சு. மிச்சக் காடு அப்படியேதானே இருக்கு?

— எங்கிட்டயேவா? பெரிய மரம் இல்லேன்னா அது காடு இல்ல, புதர். புதர்னா எண்ணெய்ப்பனை போட அனுமதி. இந்தச் சட்டத்தை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதான்!

— பனையும் பச்சையாத்தானே இருக்கும் கண்ணு.

— இருவாச்சிப் பறவை குஞ்சு பொரிக்க அதுல பொந்து இருக்குமா? வாயில நல்லா வந்துரும் எனக்கு. எந்த மரம் எங்க நிக்குதுங்கிற ஜி.பி.எஸ். பட்டியல் ஒண்ணே ஒண்ணு. அதுவும் இந்த ஆபீஸ்ல, உங்க டிராயர்ல.

— சாவி என் இடுப்பை விட்டு இறங்கினதில்ல. பனை போடற கம்பெனிக்காரன் எவன் முகத்தையும் நான் பார்த்ததில்ல. உங்கப்பா போனப்புறம் உன்னைப் படிக்க வெச்சவன்டி நான்!

— அதனாலதான் இத்தனை நாள் வாயைத் திறக்கல. கிழக்குச் சரிவுல மிச்சமிருக்கிற நாப்பது மரத்துக்கு நேத்து பட்டியல் கொடுத்தேனே, அது?

— டிராயர்ல பத்திரமாத் தூங்குது.

— நல்லதாப் போச்சு. ஏன்னா அதுல இருக்கிறது கிழக்குச் சரிவு இல்ல. உங்க பலாத்தோப்பு.

— என்னது?

— மரம் மரமாப் போய் இடம் குறிச்சேன். பட்டியல் டிராயரை விட்டுப் போகலேன்னா ஒரு இலைகூட ஆடாது. ஏன் வேர்க்குது உங்களுக்கு?

— அடிப்பாவி! உன் சித்தி கையால வெச்ச மரம்டி அது! போன் எங்க... ஹலோ! தம்பி, மெஷினை நிறுத்துங்க! நான் நேத்து அனுப்பினேனே, அந்தப் பட்டியலைத் தொடாதீங்க! ஒரு மரத்தையும் தொடக்கூடாது, கேக்குதா?

— நல்லாவே கேக்குது. உட்காருங்க, தோப்புக்கு ஒண்ணும் ஆகாது. நான் எழுதிக்கொடுத்த ஜி.பி.எஸ். நம்பரெல்லாம் நடு ஏரி. சித்தி மரத்துல கை வைக்க எனக்கு மனசு வருமா?

— படுபாவி... என்னையே ஏமாத்திட்டியா? சரி, நடந்தது நடந்துபோச்சு. நமக்குள்ளேயே இருக்கட்டும் கண்ணு.

— நீங்க சாத்தச் சொன்ன கதவை நான் இன்னும் சாத்தல, சித்தப்பா.