கொளுத்திப் பார்த்த கூரை

கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பிய மாலை ரயிலில், தொழிற்சாலைகளுக்குக் கூரை ஷீட் மாட்டுகிறவர் பக்கத்திலிருந்த நண்பரிடம் சொன்னார்: "இன்னிக்கு சூப்பர்வைசர் முன்னாடியே கூரையைக் கொளுத்திட்டேன் மச்சான்."

"இன்னாது?"

"வெட்டிப்போட்ட துண்டைத்தான். ரெண்டு மணி நேரம் நெருப்பு தாங்கும்னு சர்ட்டிபிகேட் காட்டறான். டெஸ்ட்டுக்குப் போன ஷீட்டு வேற. எங்க கைக்கு வந்த ஷீட்டுக்குள்ள வெறும் தெர்மாகோல். லைட்டரைக் காட்டினதும் குப்புனு பத்திக்கிச்சு."

"அவரு இன்னா சொன்னாரு?"

"வாயை மூடிக்கினு மாட்டுன்னான். டிரில்லைக் கீழ வச்சிட்டு எறங்கிட்டேன்."

"உனக்கு ஏன்டா வம்பு? வேலை பூடும்."

"போவட்டும். நான் மாட்டிட்டு அடுத்த சைட்டுக்குப் பூடுவேன். அந்தக் கூரைக்கு அடியில பேக்கிங் பண்ணப்போறது உன் பொண்ணுதானே?"

மீஞ்சூர் தாண்டியதும் நண்பர் அவருடைய பையைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னொரு துண்டு கீதா?"

"பை நெறையக் கீது."

"நாளைக்கு சைட்டுக்கு நானும் வரேன். லைட்டரை எங்கிட்ட குடு."